டயர் நாள்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில்தான் அந்தப் பேச்சு முதலில் என் காதில் விழுந்தது. உள்ளே செலவு மதிப்பீடு சொல்லும் மேசையில் ஒருவர் இருக்கிறாராம். நோயாளியின் கண்ணை ஒரே ஒரு தடவை பார்ப்பாராம். இத்தனை நாள் படுக்கை, இவ்வளவு செலவு என்று சொல்லிவிடுவாராம். சொன்னது பிசகாதாம். மஞ்சள் காமாலையே அவரிடம் சொல்லிக்கொண்டுதான் உடம்பை விட்டுக் கிளம்புமாம்.

“அவருக்குப் பேரே தேதியார் சார்,” என்றார் டீக்கடைக்காரர், வடிகட்டியை உதறிக்கொண்டே. “டாக்டருங்க ‘பாக்கலாம், பாக்கலாம்’பாங்க. இவரு சொன்னா கல்லுல எழுதின மாதிரி.”

“அப்ப டாக்டர் எதுக்கு?”

“மருந்து எழுதணுமே. எல்லாத்தையும் ஒருத்தரே இழுத்துப் போட்டுக்க முடியுமா?”

வதந்திகள் மேல் எனக்குப் பாசம் உண்டு. உண்மை எப்போதும் கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாகத்தான் வரும். வதந்திதான் குளித்து, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வரும். அவ்வளவு பவுடர் இருந்தால் சந்தேகமும் வரத்தான் செய்யும்.

“சரி, பாத்துடுவோம். அடுத்து வர்ற காமாலை கேசுக்கு அவர் எத்தனை நாள் சொல்றாரோ, அது பலிச்சா நான் உங்களுக்கு ஒரு டீ. பலிக்கலேன்னா நீங்க எனக்கு.”

“ரெண்டு டீயையும் நான்தானே போடணும்?”

“பலிச்சா காசு என்னுது.”

“அப்ப போடலாம்.”

மறுநாள் போய் தேதியாரின் மேசைக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. யாருக்கோ என்னவோ என்று இரக்கத்தோடு விட்டுவிடுவார்கள். தேதியாருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இஸ்திரி போட்ட சட்டை. பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும், எழுதாத இன்னொன்று, “சார், பேனா குடுங்க” என்று கேட்பவர்களுக்காக. திரும்பி வராத பொருளைக் கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது.

“நீங்க கண்ணைப் பாத்தே நாள் சொல்வீங்களாமே?” என்று கேட்டேன்.

“கண்ணையா?” தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கே எதிர்ல இருக்கறது மங்கலாத்தான் தெரியுது. நோயாளி எங்க சார் இந்தப் பக்கம் வர்றாரு? அவரை நேரா மாடிக்கு ஏத்திடறாங்க. இங்க வர்றதெல்லாம் கூட வந்தவங்க. நான் பாக்கறது பக்கெட்டை.”

“பக்கெட்டையா?”

“கையை வீசிக்கிட்டு வந்தாங்கன்னா சீக்கிரம் போயிடணும்னு மனசுல இருக்கு. தினம் டாக்டரை நச்சரிப்பாங்க, ஒரு நாள் முன்னாடியே கெளம்பிடுவாங்க. அதே, பக்கெட்டு, தலையணை, கொடி கட்ட ஒரு கயிறுன்னு கொண்டு வந்தா, குடித்தனம் வந்துட்டாங்கன்னு அர்த்தம். அவங்களை யாரும் கெளப்ப முடியாது.”

“அப்ப கல்லீரல்?”

“அதுவும் ஒரு பக்கம் இருக்கு சார்.”

வதந்தியின் பவுடர் இப்படித்தான் கொஞ்சம் உதிர்ந்தது. ஆனால் அதற்கடியில் முகம் எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தபோது எனக்குத்தான் குழப்பம் கூடியது. மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நாளையும் செலவையும் கணிப்பதற்கென்றே மேலிடம் வாங்கிப்போட்ட புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது, சிறுநீரகம் எப்படி, வயது என்ன என்று சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல எல்லாவற்றையும் விசாரிக்கும். குடலிறக்க ஆபரேஷன் என்றால் டக்கென்று ஒரே எண் சொல்லும். பிரசவம் என்றாலும் அப்படியே. கல்லீரல் திடீரென்று படுத்துக்கொண்ட கேஸ் என்றால் மட்டும் அதற்கு வாய் குழறும். நாலு முதல் பத்தொன்பது நாள் வரை என்று திரையில் வரும். செலவும் அதே மாதிரி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடும்.

“குடலிறக்கம் நல்ல புள்ள சார். சொன்ன நாளைக்கு வீட்டுக்குப் போகும்,” என்றார் தேதியார். “இந்தக் கல்லீரல் இருக்கே, நேத்து வரைக்கும் ஒண்ணும் சொல்லாது. இன்னிக்குக் காலைல கடையைச் சாத்திடும். நாளைக்கு அதுவாவே தொறந்தாலும் தொறக்கும். தொறக்காமயே போனாலும் போகும். அதுகிட்டப் போயி நாள் கேட்டா?”

இயந்திரம் உண்மையைச் சொன்னது. அதனாலேயே அதை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுத் தாளில் ‘நாள்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் ஓர் எண்தான் எழுதலாம். நாலையும் பத்தொன்பதையும் பிசைந்து ஓர் எண்ணாக்கிக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அதற்குத்தான் தேதியாருக்குச் சம்பளம்.

இந்த வித்தையை அவர் மருத்துவத்தில் கற்கவில்லை. பாதி ஆயுளை அவர் ஒரு லாரி பார்சல் ஆபீசில் கழித்திருந்தார். அங்கேயும் இதே வேலைதான். கவுன்டருக்கு வருபவர்கள் பெட்டி என்றைக்கு வந்து சேரும் என்று கேட்பார்கள், இவர் சொல்வார். சொன்னதற்கு ஒரு நாள் பிந்தினால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். ஒரு நாள் முந்தினால் மகராசன் என்பார்கள். பெட்டி அதே பெட்டி, லாரி அதே லாரி. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து மனதில் தோன்றியதோடு ஒன்றைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார். வழியில் டயர் வெடிக்கலாம் இல்லையா, அதற்கு ஒரு நாள். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘டயர் நாள்’.

பிறகு பார்சல் ஆபீஸ் முதலாளியின் மருமகனுக்கு உட்கார ஒரு நாற்காலி தேவைப்பட்டது. இவருடையது காலியாக இல்லை. ஆனால் வசதியாக இருந்தது. அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார், டயர் நாளையும் கையோடு எடுத்துக்கொண்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் நாள் குறிக்கச் சொன்னபோது அதிலும் டயர் நாள் கூட்டினார், அதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று டீக்கடையில் இன்னொரு வதந்தி. அதை நான் சரிபார்க்கவில்லை. பந்தயம் ஒரு டீக்குத்தான். குடியிருப்பது ஓர் ஒற்றை அறையில். ராத்திரிச் சாப்பாடு மட்டும் அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டில்.

மூன்றாம் மாடி வார்டுக்குப் பொறுப்பான தலைமை நர்சிடம் போய் இந்த டயர் நாளைப் பற்றிக் கேட்டேன். பெரிய ரகசியத்தைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

“அது தெரியாதா?” என்றார் அந்த அம்மாள். “அவர் ஏழுன்னு எழுதினா நான் ஆறுன்னு எடுத்துக்குவேன். கட்டில் காலியாகற நாளை அப்படித்தான் சொல்லி வெப்பேன். கீழ இன்சூரன்ஸ் மேசையில இருக்கற பொண்ணும் ஒண்ணு கழிச்சுத்தான் எழுதறா.”

“கழிக்கறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியலாம். நாங்க அதைப் பத்திப் பேசிக்கிட்டதில்ல.”

“பேசிக்கிட்டா என்ன?”

“பேசிட்டா அப்புறம் அவர் ரெண்டு கூட்ட ஆரம்பிச்சுடுவாரு,” என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

ஆக, ஒருவர் ஒன்றைக் கூட்டுகிறார். மற்றவர்கள் ஒன்றைக் கழிக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை, கணக்கு நேராகிவிடுகிறது. பல குடும்பங்களே இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன என்பதால் எனக்கு இதில் குறை சொல்லத் தெரியவில்லை.

நான் நாற்காலியில் உட்கார ஆரம்பித்த அந்த வாரத்திலேயே அடுத்த காமாலை கேஸ் வந்தது. கூட வந்தவள் தேதியாரின் தங்கை.

அவள் கையில் ஒரு மணிபர்ஸும் ஒரு வண்டிச் சாவியும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. பக்கெட் இல்லை. தேதியார் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

“அண்ணே, மாடியில சேத்தாச்சு,” என்றாள். அவள் புருஷன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். சொந்த வேன். அதை நம்பித்தான் வீடு. ஒரு வாரமாகக் காய்ச்சல், வாந்தி. வெயில் என்றார், பித்தம் என்றார், காய்ச்சல் மாத்திரையைக் கடலை மாதிரி மென்றார். கண் மஞ்சளான பிறகும் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் படுத்தார். கெட்ட தண்ணீரில் வந்த கிருமி ஒரு பக்கம், அளவில்லாமல் போட்ட மாத்திரை ஒரு பக்கம், இரண்டுமாகச் சேர்ந்து கல்லீரலைச் சாய்த்துவிட்டன என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

“எத்தனை நாளாகும்ணே?”

“டாக்டர் என்னம்மா சொன்னாரு?”

“அவரு பாக்கலாம்னாரு. நீ சொல்லு. வாசல்ல புரோக்கர் நிக்கிறாரு. வண்டியை இன்னிக்கே எடுத்துக்கறேங்கறாரு. ஒரு வாரத்துக்குள்ள முடியும்னா இன்சூரன்ஸ் போக மிச்சத்தைக் கையில இருக்கறதை வெச்சு நான் சமாளிச்சுடுவேன். முழுசா ஒரு வாரமாகும்னா வண்டியைக் குடுத்துத்தான் ஆகணும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடக்காருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் பாதி வெலைக்குத்தான் கேப்பாங்க.”

தேதியார் ரத்தப் பரிசோதனை எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். இயந்திரம் ஐந்து முதல் இருபது வரை என்றது. திரையை அவள் பக்கமிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

“ஊருக்குச் சொல்ற கணக்கை எனக்குச் சொல்லாதே,” என்றாள் அவள். “உன் டயர் வெடிக்கற கதையெல்லாம் எனக்குத் தெரியும். நான் உன் கூடப் பொறந்தவ. மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு.”

தேதியாரின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டாமல் எழுதினார். ஆறு.

“ஆறு,” என்று வாயாலும் சொன்னார்.

அவள் வெளியே போய் புரோக்கரை அனுப்பிவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். புரோக்கர் வேனின் டயரை ஒரு தடவை காலால் தட்டிப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் போனார்.

ஒரு பொய்யைச் சுற்றிப் பத்து பேர் பழகிவிட்ட இடத்தில் ஒருவர் மட்டும் திடீரென்று உண்மை பேசினால் என்ன ஆகும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தாள் மாடிக்குப் போனது. தலைமை நர்ஸ் ஆறைப் பார்த்தார், வழக்கம்போல ஒன்றைக் கழித்தார், சேர்ந்த நாளை விட்டு எண்ணி ஐந்தாம் நாள் மத்தியானம் கட்டில் காலி என்று இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லிவைத்தார். இன்சூரன்ஸ் மேசைப் பெண்ணும் ஒன்றைக் கழித்து அதே ஐந்துக்கு அனுமதி வாங்கினாள். யாரும் தப்புச் செய்யவில்லை. என்றைக்கும் செய்வதைத்தான் செய்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ரத்தத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது. முகத்திலும் ஒரு களை. “இன்னும் ஒரு நாள் பாக்கலாம்,” என்றார்.

“சார், இந்தக் கட்டில் மத்தியானம் இன்னொருத்தருக்குச் சொல்லியாச்சு. இன்சூரன்ஸும் இன்னியோட சரி,” என்றார் நர்ஸ்.

டாக்டர் யோசித்தார். “நெனைவு தெளிவா இருந்தா அனுப்பலாம். ட்யூட்டி டாக்டர் ஒரு தடவை கேட்டுப் பாத்துடட்டும்.”

கல்லீரல் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தங்கும் கழிவு மூளையைக் குழப்பும். அதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்பார்கள். பேர் என்ன, இது என்ன இடம், இன்றைக்கு என்ன தேதி. ட்யூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். ராத்திரி முழுக்கத் தூங்காதவர். அவர் கேட்டதும் தேதியாரின் தங்கை மாப்பிள்ளை பதில் சொன்னதும் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லி நான் கேட்டது.

“இன்னிக்கு என்ன தேதிங்க?”

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, “அதை எங்க மச்சான்கிட்டக் கேளுங்க. கீழ உக்காந்திருக்காரு. தேதி சொல்றது அவர் வேலை,” என்றார்.

வார்டே சிரித்தது. ட்யூட்டி டாக்டரும் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு குறும்பாகப் பேசும் ஆளுக்கு நினைவில் என்ன குறை இருக்க முடியும்? ‘தெளிவு’ என்று எழுதினார். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். தேதியார் வேலை நேரத்தில் மேசையை விட்டு எழுந்திருப்பவர் அல்ல. அன்று வாசல் வரை போய் வேன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பாத்தீங்களா,” என்றார் என்னிடம். “ஒரு நாள் முன்னாடியே.” அவர் முகத்தில் பார்சல் ஆபீஸ் சந்தோஷம் இருந்தது.

அடுத்த நாள் விடியற்காலையில் நடந்ததைத் தங்கை பிறகு என்னிடம் சொன்னாள். எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கொல்லையில் இல்லை, குளியலறையில் இல்லை. வாசலுக்கு வந்தாள். வேனின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில், முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை மாதிரி தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

“டிரைவர் இன்னும் வரல,” என்றார் அவர், கோபமாக. “மணியாகுது. இப்படியே போனா எங்க டீச்சர் வெளிய நிக்க வெப்பாங்க.”

“முதல்ல சிரிப்புத்தான் சார் வந்துச்சு,” என்றாள் அவள். “வெளையாடறாருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில மச்சானைக் கேளுன்னு சொன்னாரில்ல, அதே மாதிரி. அப்புறம் அவர் கண்ணைப் பாத்தேன். என்னை யாருன்னு தேடிக்கிட்டிருந்தாரு. அப்பத்தான் தோணுச்சு, நேத்து டாக்டர்கிட்டச் சொன்னதும் வெளையாட்டில்லையோன்னு.”

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். புருஷனுக்கு ஜலதோஷம் வந்த நாள்களில் ஓட்டியிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர், டிரைவர் வந்துவிட்டதில் சமாதானமாகி, வழியெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறவேண்டிய பிள்ளைகளின் வீட்டைச் சொல்லிக்கொண்டே வந்தாராம். ஒன்றுகூடச் சரியில்லை. அவள் ஆஸ்பத்திரிக்கு நேராக வரவும் இல்லை. பாதி வழியில் வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய், எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று நான் நாற்காலியில் இருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. தள்ளுவண்டியில் மாப்பிள்ளை மாடிக்குப் போனார். தங்கை மேசைக்கு வந்தாள். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. கையிலிருந்த பச்சைப் பக்கெட்டைத் தூக்கி மேசைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே தலையணை, துண்டு, ஒரு சுருள் கயிறு.

தேதியார் பக்கெட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு மறுபடி பக்கெட்டைப் பார்த்தார்.

“தெரியலம்மா,” என்றார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“நீ நிஜத்தைக் கேட்டியே.”

“இதுதானே நிஜம்?”

அவர் ‘நாள்’ கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளை மாடிக்கு அனுப்பினார். அரை மணியில் தாள் திரும்பி வந்தது. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாதாம். அவர் மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. கடைசியில் நர்ஸே மாடியில் ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். அது என்ன எண் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூளைத் தெளிவுக்கு அவர்கள் கொடுத்த முதல் மருந்து பேதி மருந்து. கழிவு வயிற்று வழியாக வெளியேறினால் தலை தெளியுமாம். எதையும் மேலே தேடாமல் கீழே தேடும் மருத்துவம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. வேறு கல்லீரல் வைக்கவேண்டி வரலாம் என்று பெரிய டாக்டர் ஒரு நாள் சொன்னார். அடுத்த நாள் வேண்டாம் போலிருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் பாக்கலாம் என்றார். தங்கை அந்தப் பக்கெட்டில் துணி துவைத்து, ஜன்னலுக்கும் தூணுக்கும் கயிறு கட்டி உலர்த்தினாள். காலையிலும் சாயங்காலத்திலும் ஒரு நடை போய்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்தாள். வேன் வாடகை நின்றால் ஆஸ்பத்திரிக்குக் கட்ட ஒன்றுமில்லை. வண்டி இருந்ததால் அது நடந்தது.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. வழக்கம்போல ஏழு என்று எழுதியிருந்தால் வேன் அன்றே புரோக்கர் கைக்குப் போயிருக்கும். ஆனால் மாப்பிள்ளை இன்னும் ஒரு நாள் வார்டில் இருந்திருப்பார். குழப்பம் அங்கேயே தெரிந்திருக்கும். ஆறு என்று எழுதியதால் ஆளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே ஆறால்தான் வண்டி மிஞ்சியது, அந்த வண்டிதான் ஆளையும் திருப்பிக் கொண்டுவந்தது. அப்படியானால் அண்ணன் தங்கைக்குச் செய்தது நல்லதா, கெட்டதா? தேதியாரிடமே கேட்டேன்.

“நானும் அதைத்தான் சார் போட்டுப் பாக்கறேன்,” என்றார். “கூட்டினா ஒரு மாதிரி வருது. கழிச்சா இன்னொரு மாதிரி வருது.”

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளையே விடை சொன்னார், வேறு கேள்விக்கு. கண் விழித்தவர் மனைவியைப் பார்த்து, “மூணாவது திருப்பத்துல இருக்கற ரெட்டைப் பொண்ணுங்களை யாரு ஏத்தறது? லேட்டாச்சுன்னா அவங்கம்மா போன் பண்ணித் தொலைப்பாங்களே,” என்றார். சரியான திருப்பம். சரியான பிள்ளைகள். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, “நான்தான் ஏத்தறேன். நீங்க படுங்க,” என்று அதட்டினாள். கல்லீரல் தானாகவே கடையைத் திறந்துவிட்டது. ஏன் திறந்தது என்று டாக்டர்களுக்கும் முழுக்கத் தெரியவில்லை. கேட்டால் மருந்தைச் சொன்னார்கள்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போட்டார்கள், அங்கே நடந்தது தலைமை நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கணிப்பு எவ்வளவு தூரம் பலித்தது என்று பார்க்கும் கூட்டம். மாப்பிள்ளையின் முதல் பில் திரையில் வந்தது. கணித்தது ஆறு, நடந்தது ஆறு. எப்படி என்றால், ஐந்து ராத்திரிதான் படுத்திருந்தார். ஆனால் வந்த நாளும் ஒரு நாள், போன நாளும் ஒரு நாள் என்று பில் போடும் வழக்கம். இரண்டாம் தடவை சேர்ந்தது புதுக் கேஸ், புது எண். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அருமையான கணிப்பு என்று எல்லாரும் கைதட்டினார்கள். மேலாளர் தேதியாரின் கையைக் குலுக்கினார்.

தேதியார் எழுந்து டயர் நாள் விஷயத்தை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். இத்தனை வருஷம் ஒன்று கூட்டினேன், இனிமேல் கூட்டமாட்டேன் என்றார். அறையில் ஒரு சங்கடம்.

“அப்ப நாங்க கழிக்கறதை நிறுத்தணுமா?” என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

“ஆமா.”

“நாங்க நிறுத்தினப்புறம் ஒரு நாள் நீங்க மனசு கேக்காம கூட்டிட்டீங்கன்னா?”

“கூட்டமாட்டேன்.”

“தங்கச்சிக்குக் கூட்டாம விட்டீங்க. எங்ககிட்டச் சொன்னீங்களா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டு, இயந்திரம் சொல்லும் இரண்டு எண்ணையும் அப்படியே எழுதலாமே என்று இன்சூரன்ஸ் மேசைப் பெண் கேட்டாள். கூட வருபவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் மேலாளர். அதுவும் பொய்யில்லை. முந்தின நாள்தான் ஒரு பெரியவர், தேதியார் “தெரியலைங்க” என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, “பரவாயில்ல தம்பி, பொய்யாவது ஒண்ணு சொல்லு, மனசுக்குத் தெம்பா இருக்கும்,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது. எல்லாரும் பழையபடி கூட்டவும் கழிக்கவும் தொடங்கினார்கள். அந்தப் பொய்யில் எல்லாருக்கும் வழி தெரியும்.

தேதியார் செய்த ஒரே மாற்றம் இதுதான். காமாலை கேஸ் என்றால் மட்டும், எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, கூட வந்தவரை அருகில் கூப்பிட்டு, “தினம் ரெண்டு வேளை ஏதாவது பழகின விஷயத்தைக் கேட்டுப் பாருங்க. வீட்டு வழி, புள்ளைங்க வயசு, எதுவா இருந்தாலும் சரி. ஜோக்கடிச்சாருன்னா இன்னொரு தடவை கேளுங்க,” என்கிறார். எண்ணைக் கேட்க வந்தவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்களா என்று தெரியவில்லை. பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இனி என் பந்தயம்.

“பில்லுல ஆறுன்னு இருக்கா இல்லியா?” என்றார் டீக்கடைக்காரர். “அப்ப பலிச்சுது. எடுங்க காசை.”

“மறுநாளே ஆள் திரும்பி வந்துட்டாரே!”

“அது வேற பில்லு.”

“அதே கல்லீரல்தானே?”

“நாம பந்தயம் கட்டினது நாளுக்கு. கல்லீரலுக்கில்ல.”

மாப்பிள்ளை வண்டி ஓட்டப் பெரிய டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. எப்போது என்று கேட்டால், பாக்கலாம் என்கிறார். அதுவரை தங்கைதான் ஓட்டுகிறாள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு அண்ணனை ஏற்றிக்கொண்டு போக வருவாள். மாப்பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் கியரைப் பற்றி யோசனை சொல்லிக்கொண்டு வருவார். ராத்திரிச் சாப்பாடு மறுபடி அங்கேதான். ஆனால் “எப்பம்மா வருவ?” என்று தேதியார் போனில் கேட்டால் அவள் நேரம் சொல்வதில்லை. “வரும்போது வருவேன்,” என்று வைத்துவிடுகிறாள். அவரும் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று வேன் வந்து நின்றதும், பஞ்சாயத்தை மாப்பிள்ளையிடமே கொண்டுபோனேன். எத்தனை நாள் படுத்திருந்தீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். “எனக்கு ஞாபகம் இருக்கறது ரெண்டு நாள்தான் சார். அதைக் கணக்குல போட்டுக்கறதுன்னா போட்டுக்கங்க.”

எல்லாரும் தேதியாரைப் பார்த்தோம். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறினார். கடைசி வரிசையில் போய், சின்ன சீட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். தங்கை கண்ணாடியில் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸில் டீ ஊற்றி பெஞ்சில் வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. குடித்தோம். காசு இன்னும் யாரும் வைக்கவில்லை.